கொக்கி போட்டாச்சு

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று பனயப்பிள்ளியில் ஒரு பலாமரம். கிணற்றுக்கு மேலே சாய்ந்த இரண்டு கிளையை எடுத்துக் கொடுத்தோம். முசுறு எறும்பு சட்டைக் கழுத்துக்குள் புகுந்து, இறங்கும்போது என் முகம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா சாயாவை நீட்டிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாரும் பார்க்கிற பார்வைதான். பெண்டாட்டி மரத்தில், புருஷன் தரையில்.

இவருக்கு முக்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். ஆனால் கயிறு பிடிப்பதில் இவரை மிஞ்ச மட்டாஞ்சேரியில் ஆள் கிடையாது. நான் வெட்டிக் கட்டி விடுகிற கிளையை, அடிமரத்தில் இரண்டு சுற்றுப் போட்டுப் பிடித்து, ஒரு ஓடு உடையாமல் தரையில் வைப்பார். பதினொரு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு.

தரையில் இவரை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவேன். மரத்தின் மேலிருந்து "ஏங்க" என்றால் தெருவே அண்ணாந்து பார்க்கிறது. அதனால் மேலே போனால் மட்டும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ராமர். இந்த டைரியிலும் ராமர் என்றே எழுதப் போகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? இவர் பிறந்து வளர்ந்தது இங்கே; மலையாளம் ஓடும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நான் கடையநல்லூரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். மலையாளம் பேச வரும், எழுத்து எனக்கு ஜிலேபி. டைரி, சுக்கு வியாபாரி ஜலீல் முதலாளி வருஷா வருஷம் கொடுப்பது. சும்மா கிடப்பானேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ஜலீல் முதலாளி கூப்பிட்டனுப்பினார். எப்போதும் போல மழைக்கு முன்னால் அவர் கோடவுன் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை கழிக்கச் சொல்லத்தான் என்று நினைத்துப் போனேன். ஒன்பது வருஷமாக அந்த மரம் என் மரம். அதன் ஒவ்வொரு கவையும், கிளை பிரிகிற ஒவ்வொரு இடமும், எனக்குத் தெரியும். பாதி மரம் தெருவுக்கு, பாதி மரம் கோடவுன் ஓட்டுக்கூரைக்கு மேலே.

உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இருக்காது.

"பேச்சி, இந்த வருஷம் சட்டம் மாறிருச்சு. சரக்கு வாங்குற கம்பெனிக்காரன் சொல்லிட்டான், பேங்குக்காரனும் சொல்லிட்டான். கோடவுன் காம்பவுண்டுல எவன் மரம் ஏறினாலும் படிச்ச சர்ட்டிபிகேட் வேணும், இன்ஷூரன்ஸ் வேணும். ஏறுறவனுக்கும் வேணும், ஓடு உடைஞ்சா அதுக்கும் வேணும்."

"ஒன்பது வருஷத்துல ஒரு ஓடு உடைஞ்சிருக்கா முதலாளி?"

"உடையல. நான் அதைச் சொன்னேன். பேப்பர் கேக்குறான். நான் என்ன செய்ய?"

வைட்டிலாவில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். பேப்பர் எல்லாம் உண்டாம். ஆனால் அவர்கள் கழிக்க மாட்டார்களாம், மூட்டோடு வெட்டி எடுத்துவிடுவார்களாம். வருஷா வருஷம் வரவேண்டாம் பார். முதலாளிக்கும் மரம் போவதில் இஷ்டமில்லை. அந்த நிழல் இல்லையென்றால் மூட்டைக்காரர்கள் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சோறு தின்பார்கள்? ஏப்ரல் பதினைந்து வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் இரண்டு பேப்பரும் வந்தால் வேலை எனக்கு. அவர் செய்வதைப் பார்த்துத்தான் பஜாரில் மற்ற பதினோரு கோடவுனும் செய்யும். இது போனால் எல்லாம் போகும்.

"இன்ஷூரன்ஸ் எங்கிட்ட இருக்கு முதலாளி. அஞ்சு வருஷமாக் கட்டுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்லவேளை, அந்த ஒன்றாவது இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

வேலையில்லை. பாலிசி வைத்த பிளாஸ்டிக் கவரைத் தேடி எடுத்தேன். கொடு, நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று ராமர் நாலு தடவை சொல்லிவிட்டார். இவருக்கு என்ன திடீர் அக்கறை?

பிப்ரவரி 19, புதன்

நானே கொண்டுபோனேன். பழைய ஏஜென்ட் வளைகுடா போய்விட்டான். பேலஸ் ரோட்டில் சங்கர்ராம் என்று ஒரு பாலக்காட்டு ஐயர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறார். தமிழ் பேசுவார் என்று முதலாளிதான் அனுப்பினார். ராமரும் கூட வந்தார், வாசலிலேயே நின்றார்.

சங்கர்ராம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நீங்க என்ன வேலை பண்றேள்னு சொன்னேள்?"

"மரம் ஏறுதேன். கிளை கழிக்கேன்."

"இதுல உங்க பேருக்கு நேரே ஹவுஸ்வைஃப்னாக்கும் போட்டிருக்கு. உங்க ஆத்துக்காரர் பேருக்கு நேரே மரம் ஏறுபவர்னு இருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப நான் விழுந்தா?" என்று கேட்டேன்.

"ஆத்துல வழுக்கி விழுந்தேள்னா கிடைக்கும். மரத்துலேந்து விழுந்தா, ஹவுஸ்வைஃபுக்கு மரத்துமேல என்ன ஜோலின்னு கேப்பா. ஒண்ணும் கிடைக்காது."

"அவரு விழுந்தா?"

"அவருக்குப் பேஷாக் கிடைக்கும்."

"அவரு எங்கேருந்து விழ? அவரு தரையில நிக்கவரு."

சங்கர்ராம் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ராமர் தெருவில் போகிற ஆட்டோவை எண்ணிக்கொண்டு நின்றார்.

ஐந்து வருஷம். தென்னையில் நின்றிருக்கிறேன், மழையில் மாமரத்தில் நின்றிருக்கிறேன், போன சித்திரையில் தூங்குமூஞ்சியில் அறுபதடி உயரத்தில் மின்னலைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வீட்டம்மாவாக.

பிப்ரவரி 20, வியாழன்

கேட்டேன். காலையில் ஒரு தடவை கேட்டேன், சாயா குடிக்கப் போய்விட்டார். மத்தியானம் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏஜென்ட் தப்பா எழுதிட்டானா, நீங்க தப்பாச் சொன்னியளா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நாந்தான் சொன்னேன். சாயாக்கடையில வெச்சுக் கேட்டான், யாருக்கு என்ன தொழில்னு. பக்கத்துல நாலு பேரு நிக்கான். பொண்டாட்டி ஏறுதா, நான் கீழ நிக்கேன்னு எப்படிட்டி சொல்ல? நாக்கு எழும்பல."

நாக்கு எழும்பல. என்னா மனுசன்யா இவரு. நாலு பேரு சிரிப்பான்னு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அஞ்சு வருஷம். எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாதுன்னுதானே? நான் செத்திருந்தா என்னன்னு சொல்லியிருப்பாரு, அடுப்படியில வழுக்கிட்டான்னா? ஒவ்வொரு தடவையும் கீழ நின்னு என் கயித்தைப் பிடிச்ச கைதானே அது. அந்தக் கை கையெழுத்துப் போட்டிருக்கே. ராமர் ஒரு கழுதை. இதை எத்தனை தடவை வேணும்னாலும் எழுதுவேன். ராமர் ஒரு கழுதை.

பிப்ரவரி 21, வெள்ளி

பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கோபத்தில் உட்கார்ந்திருந்தால் ஏப்ரல் பதினைந்து நிற்குமா? வைட்டிலாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏலூருக்கு ஒரு பஸ். ஏலூரில் மரம் ஏறும் வேலைக்குப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. ஃபாக்டரிப் புகைக்கு நடுவில் இருபது மரம், நல்ல மரங்கள். ராமர் பின் சீட்டில் வந்தார். நான் கூப்பிடவில்லை.

அங்கே தன்யா என்று ஒரு டீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. பாலக்காட்டுப் பிள்ளை, தமிழ் பேசுகிறாள். என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். "சேச்சி, நீங்க மூணு மாச கோர்ஸ் படிக்க வேண்டாம். அனுபவம் உள்ளவங்களுக்கு நேரா பரீட்சை உண்டு. எழுத்துப் பரீட்சை தமிழ்ல வாயால சொன்னா மதி, போதும். அப்புறம் ஒரு மரம் ஏறிக் காட்டணும்" என்றாள்.

ஒரு மரம் ஏறிக் காட்டணுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மீனைப் பிடித்து நீந்திக் காட்டு என்பது போல.

மார்ச் 8, சனி

வாய்ப் பரீட்சையில் முப்பதுக்கு இருபத்தெட்டு. கரண்ட் கம்பிக்கு எத்தனை அடி விலக வேண்டும், பொந்து விழுந்த கிளை எப்படிச் சத்தம் போடும், எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்த பையன்கள் என்னைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாமல் தவித்தார்கள்.

பிறகு மரம். நாற்பதடி நாவல். பெல்ட்டும், அதில் கயிற்றோடு இரண்டு கொக்கியும், ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். நான் ஏறிய மாதிரி ஏற்றத்தை அங்கே எவனும் பார்த்திருக்க மாட்டான். பையன்கள் பாதி தூரம் போவதற்குள் நான் உச்சியில் துணியைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். ராமர்கூடத் தட்டினார்.

தன்யா டீச்சர் மட்டும் தட்டவில்லை. பேப்பரில் ஒரு கோடு போட்டாள்.

"ஃபெயில் சேச்சி."

"ஏன்?"

"நடுக்கவையில கொக்கியை எடுத்தீங்க. கவையைத் தாண்டினீங்க. அப்புறம்தான் மறுபடி போட்டீங்க. ரெண்டு செகண்ட் நீங்க மரத்துல வெறும் கையோட இருந்தீங்க."

"நான் விழலையே டீச்சர்."

"விழலை. நான் மார்க் போடுறது உங்களுக்கு இல்ல, கொக்கிக்கு."

கொக்கியை எடுத்ததே எனக்கு ஞாபகமில்லை. கவை வந்தால் எடுப்பேன், தாண்டுவேன், போடுவேன். பதினொரு வருஷமாகக் கை தானாகச் செய்கிறது. இரண்டு கொக்கி கொடுத்தது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. ஒன்றைப் போட்ட பிறகுதான் இன்னொன்றை எடுக்க வேண்டும். மண்டைக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு யார் சொல்வது?

கோர்ஸில் வந்துதான் மரம் ஏறப் பழகிய அந்தப் பையன்கள் மூன்று பேரும் பாஸ். அட்டைப்பூச்சி மாதிரி ஏறினான்கள். பாஸ்.

மார்ச் 9, ஞாயிறு

என்னை ஃபெயிலாக்க ஒரு நாவல் மரம். த்தூ.

மார்ச் 12, புதன்

அடுத்த பரீட்சை இருபத்தொன்பதாம் தேதி. கடைசி வாய்ப்பு. அதற்கடுத்தது மே மாதம்தான், அதற்குள் வைட்டிலாக்காரன் மரத்தை விறகாக்கி விற்றிருப்பான்.

காலையில் வீட்டுக்குப் பின்னால் முருங்கை ஒடிக்கப் போனேன். ராமர் பின்னாலேயே வந்து நின்றார். 

"நான் ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"சொல்லுங்க. சாயாக்கடை ஆளுக யாரும் இல்ல, தைரியமாச் சொல்லுங்க."

அந்த அடியை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "உங்கை தானா எடுக்கு. நீ கவனிக்க மாட்ட. நான் கீழ நின்னு உன் கையைத்தானே பாக்கேன் எப்பவும். நீ கொக்கியைத் தொட்டா நான் 'கொக்கி?'ன்னு கேக்கேன். ரெண்டாவது கொக்கியைப் போட்டுட்டு நீ 'போட்டாச்சு'ன்னு சொல்லு. சொன்ன பொறவுதான் முதக் கொக்கியை எடுக்கணும்."

இதுவரை இவர் சொன்னதில் இதுதான் உருப்படியான யோசனை. அதை நான் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

தன்யா டீச்சர் பழைய பெல்ட் ஒன்றையும் இரண்டு கொக்கியையும் கடன் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வளவு மாமரத்தில் இருபது தடவை ஏறி இறங்கினேன். முதல் பத்துத் தடவை எட்டுத் தப்பு.

"கொக்கி?"

"..."

"ஏட்டி, கொக்கி?"

"போட்டாச்சு, போட்டாச்சு. உசிரை எடுக்காதீங்க."

மார்ச் 16, ஞாயிறு

ஐம்பது ஏற்றம். இரண்டு தப்பு. வளவுப் பிள்ளைகள் எல்லாம் வேலியில் உட்கார்ந்து "கொக்கீ" என்று சேர்ந்து கத்துகிறதுகள். தொண்டை கட்டிவிட்டது, எனக்கல்ல, ராமருக்கு.

மார்ச் 20, வியாழன்

முதலாளி நோன்பு. முகம் வாடித்தான் இருந்தது. வைட்டிலா கம்பெனி சூப்பர்வைசர் மரத்தை அளக்க வந்திருந்தான், நாங்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் நியாயக்காரர்.

சூப்பர்வைசர் மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அடிமரத்தைச் சுற்றி டேப் பிடித்தான். என் மரத்துக்குப் பாடை அளவு எடுப்பது போல இருந்தது. பிறகு ராமரிடம் போய்த் தோளில் தட்டி மலையாளத்தில் கேட்டான், சேட்டன் எத்தனை வருஷமாக மரம் ஏறுகிறீர்கள் என்று. என்னை அவன் பார்க்கவே இல்லை. கஞ்சி கொண்டுவந்த பொம்பளை என்று நினைத்திருப்பான்.

பத்துப் பன்னிரண்டு மூட்டைக்காரர்கள் நின்றார்கள். எல்லாம் இவர் சாயாக்கடைக் கூட்டம்தான். ராமர் தொண்டையைக் கனைத்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லி மழுப்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் ஏற மாட்டேன். எனக்குத் தலை சுத்தும். ஏறுதது இவ. நான் இவளுக்குக் கயிறு பிடிக்கவன்" என்றார். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை.

ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒருத்தன் மட்டும், "அது எங்களுக்குத் தெரியாதா ராமரே? ஒன்பது வருஷமா இங்கதானே சோறு திங்குறோம்" என்றான்.

ஐந்து வருஷம் இந்த மனுஷன் யாரிடம் எதை மறைத்தார்?

ராத்திரி மீன் குழம்பு வைத்தேன். தலைத்துண்டு இவருக்குப் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

நூற்றிருபது ஏற்றம். தப்பு இல்லை. ஆனால் நாளைக்குக் கீழே இருந்து யாரும் வாய் திறக்கக் கூடாதாம், அது பரீட்சை விதி. "கொக்கி?" என்று கேட்க ஆள் இல்லாவிட்டால் கை என்ன செய்யும்?  மரத்துக்கு நான் என்றைக்குப் பயந்தேன்? பேப்பருக்குப் பயப்படுகிறேன்.

மார்ச் 29, சனி

பாஸ்.

பாஸ். பாஸ். பாஸ்.

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

அதே நாவல் மரம். அவசரப்படவில்லை. கை கொக்கிக்குப் போனதும் நானே "கொக்கி?" என்று கேட்டேன், சத்தமாக. இரண்டாவதைப் போட்டேன். நானே "போட்டாச்சு" என்று சொன்னேன். கீழே பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உச்சி வரைக்கும், இறங்கும்போதும், கேள்வியும் நானே பதிலும் நானே. பைத்தியம் பிடித்தவள் மாதிரி பேசிக்கொண்டே நாற்பதடி ஏறி நாற்பதடி இறங்கினேன். கீழே பார்த்தால் ராமர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்கிறார், கேட்டுவிடுவோமோ என்று பயந்து.

தன்யா டீச்சர் பேப்பரை மடித்துவிட்டுக் கைதட்டினாள். "சேச்சி, வாயால சொல்லக் கூடாதுன்னு விதியில இல்ல. இனி வர்ற பசங்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கப் போறேன்" என்றாள்.

ராமர் அழுதார். கண்ணில் தூசி விழுந்தது என்றார். ஏலூரில் தூசிக்கா பஞ்சம், விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சங்கர்ராம் ஆபீஸ். சர்ட்டிபிகேட்டை மேஜையில் வைத்தேன். இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார்.

இரண்டு பாலிசியாம். எங்களுக்கு ஏதாவது ஆனால் ஒன்று. எங்களால் பிறத்தியாருக்கு, அவர்கள் கூரைக்கு, காருக்கு ஏதாவது ஆனால் ஒன்று. கயிறும் கொக்கியும் தினமும் சோதிக்கிறோம் என்பதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டார். பேப்பர் கேட்டால் எனக்கு இப்போது பயமில்லை. "தினமும் டைரி எழுதுதேன்" என்று பெருமையாகப் பையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் திறந்த பக்கம் பிப்ரவரி இருபது.

சத்தமாக வேறு படித்தார். "ராமர் ஒரு... இது எக்விப்மெண்ட் இல்லையே, மாமி."

பிடுங்கிக்கொண்டேன். கயிறு சமாசாரத்தை மட்டும் தனி நோட்டில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். ராமர் தமிழில் எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார்.

ஃபாரத்தை ராமர்தான் நிரப்பினார். நான் சொல்லவில்லை, அவரே பேனாவை வாங்கினார். ஒவ்வொரு கட்டத்தையும் எழுதுமுன் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். பேர், வயது, விலாசம். தொழில் என்ற கட்டத்தில் என் பேருக்கு நேரே எழுதிவிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். "மரம் ஏறுபவர். சுயதொழில். இதுதான் எழுதியிருக்கேன். நம்பலேன்னா ஐயர்கிட்டக் கேளு."

"நம்புதேன். உங்களுக்கு என்ன எழுதுனிய?"

"தரையில் கயிறு பிடிப்பவர்."

சங்கர்ராம் எட்டிப் பார்த்தார். "ஒரு கட்டத்துக்குள்ள இவ்வளவு நிஜத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லையாக்கும்" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

பாலிசி வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வந்தது. இரண்டும் வந்தது. சங்கர்ராம் வரிவரியாகப் படித்துச் சொன்னார், தொழில் கட்டத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். நேராக முதலாளியிடம் கொண்டுபோனோம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்தவர், மூன்று பேப்பரையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்து எங்கள் முன்னாலேயே வைட்டிலாவுக்குப் பேசினார். "ஆள் கிடைச்சாச்சு. மரம் நிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். நாலு நாள் மிச்சம் வைத்து ஜெயித்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

விஷு முடிந்து இன்று தூங்குமூஞ்சியில் ஏறினேன். பஜாரே வேலையை விட்டுவிட்டு நின்றது. புது பெல்ட், புது ஹெல்மெட். தலை வியர்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

எழுத வேண்டியது இதைத்தான். பதினோரு மணிக்குக் கூரைக்கு மேலே இருக்கிற மூன்றாவது கவைக்குப் போனேன். ஒன்பது வருஷமாக அந்தக் கவையில் இடது காலை வைத்துத்தான் தாண்டுவேன். கொக்கியை எடுத்துவிட்டுத் தாண்டுவேன். இன்று ராமர் கீழேயிருந்து "கொக்கி?" என்றார். இரண்டாவதை மேல் கிளையில் மாட்டி, "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைத்தேன்.

கவை உடைந்தது. உள்ளே முழுக்கப் பொந்து. மேல் தோல் மட்டும் பச்சையாக இருந்திருக்கிறது.

நாலடி விழுந்தேன். நாலடிதான். பெல்ட் வெடுக்கென்று இழுத்தது, அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றேன். கீழே நாற்பதடியில் ஓட்டுக்கூரை. உடைந்த துண்டில் முன்னாலேயே வடம் கட்டியிருந்தேன், அதுவும் அந்தரத்தில்; ராமர் காலை அடிமரத்தில் ஊன்றி அதைப் பிடித்திருக்கிறார். கூரையில் ஒரு ஓடு அசையவில்லை. 

பிறகு இவர் குரல் வந்தது. 

"பேச்சி. கொக்கி?"

"போட்டாச்சு, ராமரே."

கீழே கூட்டம் ஹோ என்று கத்தியது. நான் ஆடிக்கொண்டே கிளையைப் பிடித்து, அடுத்த கொக்கியை மாட்டி, ஏறி நின்றேன். இறங்கி வா, போதும், நாளைக்குச் செய்யலாம் என்று முதலாளி கூப்பிட்டார். இறங்குவேனா? மீதி மூன்று கிளையையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.  முதலாளி தன் கையால் சாயா எடுத்துக் கொடுத்தார்.

அந்த இரண்டு செகண்ட். பழைய பேச்சியாக இருந்தால் அந்த இரண்டு செகண்டில்தான் போயிருப்பாள். ஃபெயில் போட்ட டீச்சருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். எந்தக் கவை என்று கேட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா சேச்சி?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 17, வியாழன்

உடம்பெல்லாம் வலி. பெல்ட் பிடித்த இடம் கன்றிப்போயிருக்கிறது. ராமர் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இது பிப்ரவரியில் பேசாமல் இருந்தது போல இல்லை.

மே 2, வெள்ளி

ஏழாவது கோடவுனும் கூப்பிட்டுவிட்டது. பேப்பரைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் காட்டுகிறேன்.

மே 25, ஞாயிறு

மழை முன்னாலேயே வந்துவிட்டது. நேற்று அடித்த காற்றில் பஜாரில் இரண்டு மரம் சாய்ந்தது. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். தூங்குமூஞ்சி நிற்கிறது. இலைதான் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. மூட்டைக்காரர்கள் அதன் அடியில் தார்ப்பாய் கட்டிப் புட்டும் கடலையும் தின்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

இன்று காலையில் மழை விட்டிருந்தது. மூன்றாவது கோடவுன் வேப்பமரத்தில் நாற்பத்தைந்தடியில் நின்றேன். கீழே ராமர் ஃபோன் அடித்தது. வடத்தை அடிமரத்தில் கட்டிவிட்டு எடுத்தார். எதிராளி சொல்வதையும் திருப்பிச் சொல்லித்தான் இவர் ஃபோனில் பேசுவார், பேசினால் துறைமுகத்துக்குக் கேட்கும், அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது.

வைட்டிலா கம்பெனி. அதே மஞ்சள் ஹெல்மெட் சூப்பர்வைசர். கழிக்கிற வேலைக்குச் சர்ட்டிபிகேட்டும் இன்ஷூரன்ஸும் உள்ள ஆள் அவர்களிடம் போதவில்லையாம். காக்கநாட்டில் பெரிய காம்பவுண்டாம், நாற்பது மரமாம், வெட்டாமல் கழிக்க வேண்டுமாம். நாங்கள் செய்து தருவோமா என்று கேட்கிறான். எத்தனை நாள், என்ன ரேட் என்று இவரிடமே முடிக்கப் பார்த்தான் போல.

வேலியோரம் சாயாக்கடைக் கூட்டம் முழுக்க நின்றது. ராமர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனில், மலையாளத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"அதெல்லாம் என்கிட்டக் கேக்காதீங்க. முதலாளி மேல இருக்காங்க. இறங்கினதும் பேசுவாங்க."

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். வடத்தை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"கொக்கி?" என்றார்.

"போட்டாச்சு" என்றேன்.